கோல் காத்த வீரர்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர்க்குத் தொலைவிலேயே கல்வராயன் மலைத்தொடர் நீலநிறமாய்க் காட்சி தரும். கோமுகி ஆறு பிறப்பது இம்மலையிலேதான். அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தின் அருகே, அவ்வாற்றின் நீரைத் தேக்கும் அணை அமைந்துள்ளது. அதனைக் கடந்து மேலே ஏறினால் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் சரிவுகளைக் காணலாம்.

மலைக் கொல்லைகளில் கதிர் முற்றும் காலத்தில் பரண் அமைத்துக் காவல் இருப்பது உழவர் வழக்கம். ஊர் உறங்கும், காவலன் உறங்கான். காட்டுப்பன்றி எப்பக்கத்திலிருந்து வரும் என்பதை அவன் அறியான். ஆதலின் எல்லாப் பக்கமும் செவி சாய்த்திருப்பான். விடியும்போது பயிர் அழியாமல் நின்றால் அதனை யாரும் வியந்து பேசார். ஒரே ஓர் இரவு அவன் கண்ணயர்ந்து பயிர் பாழாகிவிட்டாலோ, அச்செய்தி ஊர் முழுவதும் பரவும். காவல் தொழிலின் இயல்பு இது. நன்கு செய்தால் கண்ணுக்குத் தெரியாது. தவறினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

இத்தகைய காவல் தொழில் விளையாட்டிலும் ஒன்று உண்டு. கால்பந்தாட்டத்தில் கோல் காக்கும் தொழிலே அது. பள்ளி முடிந்தபின் சிறுவர்கள் திடலில் கூடிக் குழு பிரிக்கும்போது, பந்தை உதைத்துக் கோல் போட எல்லாரும் முந்துவர். "நீ கோலுக்குப் போ" என்றால் முகம் வாடும். பெரும்பாலும் ஓட மாட்டாதவனோ, வயதில் இளையவனோ அங்கே நிறுத்தப்படுவான். ஆனால் யாரும் விரும்பாத அவ்விடத்தில் நின்று ஆசியாக் கண்டமே போற்றும் பெயர் பெற்ற இந்தியர் ஒருவர் உண்டு. அவர்தாம் பீட்டர் தங்கராஜ்.

கோல் காவலின் அருமை

தங்கராஜின் பெருமையை உணர வேண்டுமாயின், அவர் மேற்கொண்ட தொழிலின் அருமையை முதலில் உணர வேண்டும்.

கால்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்திற்குப் பதினொருவர். அவர்களுள் பதின்மர் பந்தைக் கையால் தொடலாகாது. ஒருவர் மட்டுமே, தமக்கென வரையறுக்கப்பட்ட எல்லைக்குள், கையையும் பயன்படுத்தலாம். அவரே கோல் காவலர். அவர் காக்க வேண்டிய வாயிலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. மனிதன் இரு கைகளையும் விரித்து நின்றாலும் ஆறடி அகலத்திற்குச் சற்றேறக்குறைய மறைக்கலாமே அன்றி, எஞ்சிய பதினெட்டு அடியை மறைத்தல் இயலாது. அவ்வெளியை அவர் பாய்ந்து காக்க வேண்டும்.

தண்டனை உதை என்பது கோலிலிருந்து 12 கஜத் தொலைவில், அதாவது ஏறக்குறைய 11 மீட்டர் தொலைவில், பந்தை வைத்து உதைப்பது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பந்து புறப்பட்டால் கோலை அடைய அதற்கு அரை விநாடிகூட வேண்டுவதில்லை. இமைப்பொழுதிற்குச் சற்றே மிகுந்த அக்காலத்திற்குள் பந்து செல்லும் திசையைக் கண்டு, முடிவு செய்து, உடலையும் செலுத்த வேண்டும்.

கைவன்மை மட்டும் போதுமோ? போதாது. நிற்கும் இடத்தை அறியும் அறிவும் வேண்டும். உள்ளங்கையைக் கண்ணருகே பிடித்தால் எதிரே நிற்கும் பெருமலையும் மறைந்துவிடும். கையைத் தொலைவில் நீட்டினால் மலை முழுவதும் தெரியும். கோல் காவலர் கடைப்பிடிக்கும் முறையும் இதுவே. எதிரி தனியே பந்துடன் வரும்போது கோட்டிலேயே நின்றால் அவனுக்கு வாயில் முழுவதும் திறந்து தோன்றும். தக்க நேரத்தில் முன்னேறிச் சென்றால் அவன் கண்ணுக்கு வாயில் குறுகிவிடும். ஆனால் ஒரு நொடி முந்தினால் பந்து தலைக்கு மேலே சென்றுவிடும்; ஒரு நொடி பிந்தினால் பக்கமாய்ச் சென்றுவிடும். ஆகவே துணிவும் பொறுமையும் ஒருங்கே அமைந்தவரே இத்தொழிலுக்கு உரியவர்.

வேறொரு துன்பமும் இத்தொழிலில் உண்டு. முன்னணி வீரர் பத்து முறை தவறவிட்டுப் பதினொன்றாம் முறை கோல் போட்டால் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். கோல் காவலர் பத்து முறை தடுத்துப் பதினொன்றாம் முறை தவறவிட்டால் தோல்விக்கு அவரையே காரணம் காட்டுவர். இதனை அறிந்தும் அவ்விடத்தில் மனமுவந்து நிற்பது எளிதன்று.

இளமையும் படைவாழ்வும்

தமிழ்ப் பெயர் தாங்கிய பீட்டர் தங்கராஜ் 1935-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். ஐதராபாத்தும் அதனை அடுத்த செகந்தராபாத்தும் அக்காலத்தில் கால்பந்தாட்டத்திற்குப் பேர்போன நகரங்கள். சென்னை மாகாணத்திலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்தன. பிற்காலத்தில் தங்கராஜுடன் இந்தியாவுக்காக ஆடிய துளசிதாஸ் பலராமும் அவ்வாறு செகந்தராபாத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் தோன்றியவரே. இளம் தங்கராஜ் அந்நகரத்தின் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் என்னும் சங்கங்களில் ஆடிப் பழகினார்.

1953-ஆம் ஆண்டில் அவர் இந்தியத் தரைப்படையில் சேர்ந்து, நீலகிரியில் குன்னூருக்கு அருகே வெல்லிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையத்திற்கு உரியவரானார். அந்நிலையத்தின் கால்பந்துக் குழு இந்தியாவெங்கும் பெயர் பெற்றிருந்தது. அக்குழுவில் தங்கராஜ் முதலில் ஆடிய இடம் எது என்று அறிந்தால் வியப்பு உண்டாகும். அவர் கோல் காக்கவில்லை. கோல் போடும் நடு முன்னணி வீரராகவே ஆடத் தொடங்கினார்! எல்லாரும் விரும்பும் இடம் அது. பின்னரே அவர் கோல் காவலராக மாறினார்.

ஒருவர் தாம் முதலில் ஆடிய இடத்தை விட்டு, குழுவிற்குத் தேவையான இடத்திற்குச் செல்வது தோல்வி போலத் தோன்றலாம். தங்கராஜின் வாழ்விலோ அதுவே ஏற்றத்திற்குப் படியாயிற்று. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அவருக்கு வாய்த்திருந்தன. உயரமாய் வரும் பந்துகளை எதிரிகளின் தலைக்கு மேலே எழுந்து பற்றுவதில் அவர் தேர்ச்சி பெற்றார். முன்னணி வீரராய் இருந்த காலத்தில் பழகிய கால்வன்மையும் வீண்போகவில்லை. கோலிலிருந்து அவர் உதைக்கும் பந்து நெடுந்தொலைவு செல்லும். தாக்குதலைத் தடுத்த அதே மூச்சில் தம் குழுவின் தாக்குதலையும் அவர் தொடங்கி வைப்பார்.

இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி, 1888-ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கப் பெற்ற டூராண்டுக் கோப்பைப் போட்டியாகும். சென்னைப் படைப்பிரிவுக் குழு அக்கோப்பையை 1955-ஆம் ஆண்டிலும் 1958-ஆம் ஆண்டிலும் வென்றது. நீலகிரியின் குளிரில் பயின்ற அக்குழு, பெருநகரங்களின் புகழ்பெற்ற சங்கங்கள் கலந்துகொள்ளும் போட்டியில் இருமுறை முதன்மை பெற்றது சிறப்பேயாகும்.

நாட்டின் குழுவில்

தங்கராஜ் ஆடவந்த காலம் இந்தியக் கால்பந்தாட்டத்தில் ஒரு மாறுதற் காலம். அதற்கு முன் இந்திய வீரர் பலர் வெறுங்காலுடனேயே ஆடிவந்தனர். 1952-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், குளிரிலும் ஈரத்திலும் ஆடிய இந்தியக் குழு யூகோசுலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அத்தோல்வி நாட்டின் கண்ணைத் திறந்தது. வீரர்கள் காலணி அணிந்து ஆடப் பழகினர். குழுவைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். முன்னர் ஆசிரியராய் இருந்த அவர், வீரர்களையும் மாணவர்களைப் போலவே கண்டிப்புடனும் அன்புடனும் நடத்தினார்.

தங்கராஜ் 1955-ஆம் ஆண்டு டாக்கா நகரில் நடந்த நாற்குழுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். மறு ஆண்டே மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம் பெற்றார். அக்குழுவில் நாராயண் என்னும் சிறந்த கோல் காவலரும் இருந்தார். ஒரு குழுவில் முன்னணி வீரர் ஐவர் ஆடலாம். கோல் காவலரோ ஒருவரே ஆடலாம். ஆதலின் மற்றவர் எவ்வளவு வல்லவராயினும் வெளியே அமர்ந்திருக்க வேண்டும். இவ்வாறு காத்திருந்து தம்மை ஆயத்தமாக வைத்துக்கொள்வதும் கோல் காவலர்க்கு உரிய ஒரு பயிற்சியாகும்.

மெல்போர்னில் இந்தியக் குழு ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று வென்றது. நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் யூகோசுலாவியாவிடமும், மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் இந்தியா தோற்று, நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா எய்திய மிக உயர்ந்த நிலை அதுவே. அப்போட்டியில் தங்கப் பதக்கம் பெற்ற சோவியத்து நாட்டின் கோல் காவலர் லெவ் யாஷின். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதை 1963-ஆம் ஆண்டு அவர் பெற்றார். அவ்விருது ஆண்கள் ஆட்டத்தில் கோல் போடுவோர்க்கும் பிறர்க்கும் பலமுறை கிடைத்தும், கோல் காவலர் ஒருவருக்குக் கிடைத்தது அந்த ஒரு முறைதான். கோல் காவலர்க்குப் புகழ் கிடைப்பது உலகம் முழுவதிலும் எவ்வளவு அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1958-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதில் இந்தியா பதக்கம் பெறாமல் நான்காம் இடத்தையே அடைந்தது. ஆயினும் ஆசியாவின் மிகச் சிறந்த கோல் காவலர் என்று அவ்வாண்டு தங்கராஜ் போற்றப் பெற்றார். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற குழுவிலும் அவர் இருந்தார். அங்கே வலிமை வாய்ந்த அங்கேரியிடம் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்றே தோற்றது. பிரான்சு நாட்டுடன் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலை கண்டது. எல்சிங்கியில் பத்துக் கோல்கள் வாங்கிய நாடு எட்டே ஆண்டுகளில் அடைந்த முன்னேற்றம் அது. அதே 1960-ஆம் ஆண்டுக்குரிய சந்தோஷ் கோப்பைப் போட்டியில் தங்கராஜ் தலைமையில் ஆடிய படைவீரர் குழு முதன்முறையாக வெற்றி பெற்றது.

ஜகார்த்தாவில்

தங்கராஜின் வாழ்வில் மறக்கவொண்ணாத நாள் 1962-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள். அன்று இந்தோனேசியாவின் தலைநகராகிய ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதியாட்டம் நடைபெற்றது. எதிர்த்து நின்றது தென்கொரியா. ஆசியக் கோப்பையை 1956-இலும் 1960-இலும் வென்ற குழு அது. ஜகார்த்தாவிலேயே முதல் ஆட்டத்தில் இந்தியாவை இரண்டுக்குச் சுழியம் என்று அது வென்றிருந்தது. அதன்பின் இந்தியா தாய்லாந்தையும் சப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று வீழ்த்தி, மீண்டும் தென்கொரியாவின் முன் வந்து நின்றது.

ஆட்டத்தின் கடுமை போதாதென்று வேறொரு இடரும் சேர்ந்தது. அப்போட்டிக்கு வர இஸ்ரேல், தைவான் ஆகிய நாடுகளின் வீரர்களுக்கு இந்தோனேசியா இசைவு அளிக்கவில்லை. அது முறையன்று என்று இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டுத் தலைவர் ஒருவர் வெளிப்படையாகக் கூறினார். அதனால் ஜகார்த்தா மக்களின் சினம் இந்திய வீரர்கள்மேல் திரும்பியது. பெருந்திரளான மக்கள் கூடிய அரங்கில், இந்தியாவின் நாட்டுப்பண் இசைக்கும் போதே கூச்சல் எழுந்தது. ஆட்டத்தில் இந்திய வீரர் பந்தைத் தொடும்போதெல்லாம் இகழ்ச்சி ஒலி முழங்கியது. அக்கூட்டத்தில் இந்தியர்க்காகக் குரல் கொடுத்தவர் யாவர் தெரியுமோ? வளைகோல் பந்தாட்டத்தில் இந்தியாவுடன் எப்போதும் மோதி வந்த பாகிஸ்தான் வீரர்களே! விளையாட்டு பகைவரையும் நண்பராக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பயிற்சியாளர் ரகீம் அன்று துணிந்து சில முடிவுகளைச் செய்தார். பின்னணியில் ஆடும் ஜர்னைல் சிங் தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் இட்டுக்கொண்டவர். காயம் ஆறுமுன்னரே அரையிறுதியில் அவர் முன்னணி வீரராக ஆடினார். இறுதியாட்டத்திலும் அவரை முன்னணியிலேயே நிறுத்தினார் ரகீம். மற்றொரு முடிவு கோல் காவலைப் பற்றியது. அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன் என்னும் இளைஞர். வென்ற குழுவின் காவலரை மாற்றுவது எளிய செயலன்று. ஆயினும் உயரமும் பட்டறிவும் மிக்க தங்கராஜை இறுதியாட்டத்திற்கு ரகீம் தேர்ந்தெடுத்தார். பர்மன் வெளியே அமர்ந்தார். இறுதியாட்டம் வரை குழு வந்து சேர்ந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. களத்தில் நிற்கும் பேறு மட்டும் அவருக்கு அன்று கிட்டவில்லை. தங்கராஜோ, தம்மை நம்பி எடுத்த முடிவு தவறன்று எனக் காட்ட வேண்டிய பொறுப்புடன் களம் புகுந்தார்.

ஆட்டம் தொடங்கிய 17-ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதற் கோலைப் போட்டார். மூன்றே நிமிடங்களில், காயம் பட்ட ஜர்னைல் சிங் இரண்டாம் கோலைப் போட்டார். ஆரவாரித்த அரங்கம் திகைத்தது. ஆனால் ஆட்டம் முடிய இன்னும் எழுபது நிமிடங்கள் இருந்தன. முன்னணி வீரர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டனர். இனி ஈட்டியதைக் காப்பதே வேலை. பொருள் தேடுவது ஒரு திறம் என்றால், தேடியதைக் காப்பது மற்றொரு திறம் அன்றோ?

கொரிய வீரர்கள் விடாது தாக்கினர். தங்கராஜும் அவர் முன்னே நின்ற பின்னணி வீரர்களும் அரண்போல நின்று காத்தனர். மணித்துளிகள் கழிந்தன. ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களே இருந்தபோது கொரியர் ஒரு கோல் போட்டுவிட்டனர். அரங்கம் அதிர்ந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் அதுவரை பட்ட பாடு வீணாகும். கோல் காவலர்க்கு உண்மையான சோதனை அந்த ஐந்து நிமிடங்களே. விழுந்த கோலை எண்ணி வருந்தினால் வரும் பந்து கண்ணில் படாது. முன்னே நடந்ததை மறந்து, அடுத்த பந்தை மட்டும் எண்ணும் உள்ளமே அப்போது வேண்டுவது. அந்த ஐந்து நிமிடங்களும் கோல் காக்கப் பெற்றது. ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என முடிந்தது. சுனி கோசுவாமி தலைமை தாங்கிய இந்தியக் குழு தங்கப் பதக்கம் வென்றது.

1951-ஆம் ஆண்டு புதுதில்லியில் முதன்முதலாகப் பெற்றபின், ஆசியக் கால்பந்தாட்டத்தில் இந்தியா தங்கம் பெற்றது அன்றுதான். அதற்குப் பிறகு இந்தியா அப்பதக்கத்தைப் பெற்றதில்லை. நோயுற்றிருந்தும் குழுவை நடத்திய ரகீம் அவ்வெற்றிக்குப் பின் ஓராண்டும் வாழவில்லை. 1963-ஆம் ஆண்டு சூன் 11-ஆம் நாள் மறைந்தார்.

மக்கள் உள்ளத்தில்

வெற்றி பெற்ற வீரர் பலர் உண்டு. மக்கள் உள்ளத்தில் இடம் பெற்றவர் சிலரே. தங்கராஜ் அச்சிலருள் ஒருவரானது கல்கத்தா நகரத்திலே.

கல்கத்தாவில் கால்பந்தாட்டம் வெறும் விளையாட்டன்று; அது மக்களின் உணர்ச்சியோடு கலந்தது. மழைக்காலத்தில் திடல் சேறாகி, தோற்பந்து நீரை உறிஞ்சிக் கனத்து, பிடித்தால் வழுக்கும் நிலையிலும் ஆட்டம் நடைபெறும்; காண்போர் கூட்டமும் குறையாது. அந்நகரின் பெருஞ் சங்கங்கள் மூன்று. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1911-ஆம் ஆண்டு ஆங்கிலப் படைக்குழு ஒன்றை வென்று கேடயம் பெற்று, அடிமை நாட்டுக்குத் தன்மதிப்பு ஊட்டியது. 1891-இல் தோன்றியது முகமதன் ஸ்போர்ட்டிங். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய மக்களின் செல்லச் சங்கமாயிற்று. ஒன்றின் அன்பர்க்கு மற்றொன்று ஆகாது. இவற்றுள் இரண்டு மோதும் நாளில் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசாதிருப்பதும் உண்டு.

இம்மூன்று சங்கங்களுக்கும் தங்கராஜ் கோல் காத்தார் என்பது எண்ணத்தக்கது. வங்க நாட்டில் பிறந்தவர் அல்லர். வங்க மொழி அவர் தாய்மொழியும் அன்று. ஆயினும் எச்சங்கத்தின் உடையை அணிந்து நின்றாலும் அச்சங்கத்தார் அவரைத் தம்மவராகவே கொண்டனர். எந்த வாயிலின் முன் நிற்கிறோமோ அதனை முழுமனத்துடன் காப்பதே காவலனின் கடமை. அக்கடமையில் வஞ்சனை செய்யாதவரை எல்லாரும் மதிப்பர்.

ஆசிய நாடுகளின் சிறந்த வீரர்களைத் திரட்டி அமைத்த குழுவிலும் தங்கராஜுக்கு இடம் கிடைத்தது. 1964-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். 1967-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்கு அர்ச்சுனா விருது வழங்கிப் பெருமைப்படுத்தியது.

ஓய்வும் மறைவும்

ஓடி ஆடும் உடல் என்றும் ஒரு நிலையில் இராது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் களத்தில் நின்ற தங்கராஜ், 1970-களின் தொடக்கத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் தாம் கற்றதை இளைஞர்க்குக் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். இரும்பு ஆலை நகரமாகிய பொகாரோவில் வாழ்ந்த அவர், 2008-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் அங்கேயே காலமானார். எழுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு அப்போது ஒரு திங்களே இருந்தது.

அவருடைய காலத்தில் ஆட்டங்களை வீட்டில் இருந்தபடியே காணும் வாய்ப்பு இந்தியாவில் இல்லை. நேரில் கண்டோர் சொல்லியும், வானொலியில் கேட்டும், செய்தித்தாளில் படித்துமே பிறர் அறிந்தனர். ஆகவே ஜகார்த்தாவில் இரண்டாம் கோலைப் போட்டவர் யார் என்று கேட்டால் விளையாட்டு வரலாறு அறிந்தோர் உடனே விடை கூறுவர். விழாமல் தடுக்கப்பட்ட கோல்கள் எத்தனை என்று கேட்டாலோ எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. விழுந்த கோலுக்குக் கணக்கு உண்டு. விழாத கோலுக்குக் கணக்கு இல்லை. எனினும், அந்தக் கணக்கில் வராத செயல்களே அன்று பதக்கத்தைக் காத்தன.

உலகில் பெரும்பாலான நற்செயல்கள் இவ்வகையினவே. அணையின் மதகைக் காப்பவர், இரவில் இருப்புப்பாதையைச் சோதித்து நடப்பவர், நோய் வருமுன் தடுப்பு மருந்து இட மலையூர்களுக்கு ஏறிச் செல்லும் செவிலியர் ஆகிய இவர்கள் யாவரும் கோல் காவலரே. வெள்ளம் ஊருக்குள் புகவில்லை என்பதும், வண்டி தடம் புரளவில்லை என்பதும், குழந்தைக்கு நோய் வரவில்லை என்பதும் செய்தியாவதில்லை. ஆனால் இவர்கள் தம் கடமையில் ஒரு நாள் தவறினால் உலகம் துன்புறும்.

தங்கராஜ் முதலில் நின்ற இடம் எல்லாரும் விரும்பும் முன்னணி. பின்பு அவர் ஏற்றது எல்லாரும் தயங்கும் காவல். அதனை அவர் குறைவாக எண்ணவில்லை. ஏற்ற இடத்தையே தம் உழைப்பால் உயர்ந்த இடமாக்கினார். இடத்தால் மனிதனுக்குப் பெருமை வருவதைக் காட்டிலும், மனிதனால் இடத்திற்குப் பெருமை வருவதே சிறப்பு.

கல்வராயன் மலைச் சரிவில் இருள் சூழும்போது பரணில் ஒரு விளக்கு ஒளிரும். கீழே, கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களின் திடல்களில் ஆட்டம் முடித்துச் சிறுவர்கள் வீடு திரும்புவர். அவர்களுள் கோலில் நின்றவன் ஒருவன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு கடைசியாக வருவான். அவனைத் தோழர் யாரும் தூக்கிக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவன் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆசியாவே போற்றிய ஒரு வீரர் நின்ற இடத்தில் அன்றோ அவனும் நின்றிருந்தான்!